ஒலிவழி இணைப்பு

செல்போன் கத்தி ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஷஹானா போனைக் காதோரம் வைத்துப் பார்த்தாள். அதிலிருந்து வரவில்லை. மேஜைமேல் இருந்த, முட்டை அளவு புதுக் கேமராவிலிருந்தும் வரவில்லை. முதலில் இரண்டு கீச்சு, பிறகு எதையோ வேகமாக அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு, கடைசியில் நீளமாக ஒரு விசில். சற்றுமுன் போன் எழுப்பிய அதே சத்தம், அதே வரிசையில், உள்ளறையிலிருந்து வந்தது. கொஞ்சம் ஈரமாக.

பல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேமராவை அவள் கணவன் சலீம் சார்ஜாவிலிருந்து அனுப்பியிருந்தான். படுக்கையில் கிடக்கும் வாப்பாவை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றான். வைஃபை பாஸ்வேர்டை போன் ஒரு சத்தமாக மாற்றி ஸ்பீக்கரில் கத்தும். கேமரா தன் மைக்கில் அதைக் கேட்டுத் தானே இணைந்துகொள்ளும். போன் மூன்று தடவை கத்திவிட்டது. கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்குவதை நிறுத்தவில்லை.

சலீமைக் கூப்பிட்டாள்.

"கனெக்ட் ஆக மாட்டேங்குது. சும்மா மினுங்கிக்கிட்டே கெடக்கு."

"வாப்பா ரூம்ல கொண்டுபோய் வச்சுப் போட்டுப் பாரு. வாப்பா என்ன செய்யுதாவ?"

"தூங்குதாவ."

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு நாளாக விடாத சாரல். பகல் பதினொரு மணிக்கே அறைக்குள் சாயங்காலம்போல் மங்கியிருந்தது. காயாத போர்வையின் புழுங்கல் வாடையும் டெட்டாலும், இரண்டுக்கும் அடியில் புளித்த பால்போல் இனிப்பாக வரும் சளியின் வாடையும் சேர்ந்து அவள் நாக்கிலேயே வந்து படிந்தன. மாமனார் துல்கர்னைன் மல்லாந்து கிடந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் தக்காளி ஏலம் கூவியவர். புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை. மூச்சும் இருமலும் அதன் வழியாகத்தான். எட்டு மாதமாக அதை ஷஹானாதான் துடைக்கிறாள். அவர் எதிரில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. துடைத்து முடித்ததும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் ஓங்கரிப்பாள்.

கேமராவை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, பிளக் பாயிண்டைத் தேடித் திரும்பினாள்.

கீச்சு. கீச்சு.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில்.

மாமாவின் வாய் மூடியிருந்தது. கண்களும் மூடியிருந்தன. ஓட்டையின் வாயில் மஞ்சளாக ஒரு சளிக் குமிழி எழுந்து, மெல்லிய தோலோடு புடைத்து நின்று நடுங்கியது. அந்த நடுக்கத்திலிருந்துதான் கரகரப்பு வந்தது. பிறகு விசில். குமிழி உடைந்தது. அவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக ஒரு துளி தெறித்தது.

"மாமா."

அவர் அசையவில்லை.

பஞ்சுத் துணியை எடுத்துக் குனிந்து ஒற்றினாள். துணியைத் தூக்கியதும் சளி நூல்போல் நீண்டு கூடவே வந்தது. அறுபடவில்லை. இன்னும் தூக்கினாள். இன்னும் நீண்டது.

இடது கையில் போன் அதிர்ந்தது.

'கேமரா இணைக்கப்பட்டது.'

ஸ்டூலைப் பார்த்தாள். கேமராவின் வயர் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு அணைந்தே இருந்தது.

போனில் படம் வந்தது. சுற்றிலும் சிவந்த, ஈரமான சதை. மூச்சுக்கு மூச்சு சுருங்கி விரிந்தது. அதன் குறுக்கே சளி இழைகள். நடுவில் வட்டமாக வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள், மேலிருந்து குனிந்தபடி, ஒரு பெண்ணின் முகம். மூக்கு சுருங்கி, உதடு கோணி, ஏதோ அழுகிப்போன ஒன்றைப் பார்ப்பதுபோல்.

அவள் முகம்.

போன் அடித்தது. கட்டைவிரல் தானாகவே அதை எடுத்தது. ஸ்பீக்கரில் சலீமின் குரல்.

"படம் வந்துட்டு. ஆனா வாப்பாவக் காணோமே. ஒன் மூஞ்சிதான் பெருசா தெரியுது."

அவள் போனிலிருந்து மாமாவின் கழுத்து ஓட்டைக்குப் பார்வையைத் திருப்பினாள்.

"ஏட்டி, எதுக்கு இப்படி மூஞ்சச் சுளிச்சிக்கிட்டு நிக்க? வாப்பாவப் பாத்தா?"

துணி கீழே விழுந்தது. உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினாள்.

"இப்ப என்ன, இருட்டாயிட்டு. கைய எடு."

மாமாவின் கண்கள் திறந்துகொண்டன. கால்கள் கட்டில் பலகையில் உதைத்தன. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எடுக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அவனுக்கு அந்த முகம் மறுபடியும் தெரியும்.

"ஷஹானா, அங்கன என்ன சத்தம்?"

உதைப்பது குறைந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கையில் மூச்சு வந்து மோதவில்லை. அங்கே மூச்சே இல்லை.

உள்ளங்கையின் அடியில், வெதுவெதுப்பாக, ஈரமாக, ஏதோ ஒன்று இமைத்தது.