ஆலைக்குள் நின்ற வெருளிகள்

கஞ்சி போட்டு மொறமொறவென்று காயவைத்து ஆலைக்குள் வெருளிகளுக்குப் போட்டிருந்த சேர்ட்டுகள், அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்த்தபோது மார்புவரை நனைந்திருந்தன. மழையும் இல்லை. முனவ்வறா முகர்ந்து பார்த்தாள். கடல் உப்பும் சேறும் மணத்தன.

போன வருஷத்துச் சூறாவளி கூரையைப் பிய்த்தெறிந்த நெல் ஆலை அது. அந்தப் புயலில் காணாமல் போனவர்களின் உடுப்புகளை ஊர்ப் பெண்கள் அவளிடம் கொடுத்திருந்தார்கள். மௌத்தானவரின் உடுப்பென்றால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். அடக்கம் செய்ய மையித்தே கிடைக்காதவரின் உடுப்பை யார் வாங்குவார்? பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற முனவ்வறா அவற்றுக்குள் வைக்கோல் திணித்து, வயல் வெருளிகளைப்போல ஆலை முழுக்க நிறுத்தியிருந்தாள். ஊர் வந்து பார்த்து வாய்விட்டு அழட்டும் என்று நினைத்தாள். தலைக்கு வெள்ளைத்துணி உருண்டை மட்டும். உருவத்துக்கு முகம் வைப்பது மார்க்கத்தில் ஹறாம் என்று அவளுக்கும் தெரியும்.

ஆனால் புயலோடு போன புருஷன் ஜவுபரின் முகம் அவளுக்குள் அழிந்துகொண்டு வந்தது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. நேற்று அவன் மூக்கு மறந்துபோனது. அந்தப் பயம் அவளைத் தின்றது.

"இருட்டப்போகுது, வா புள்ள, போவம்," என்றாள் கூடப் படிப்பிக்கும் எலிசா, வாசலிலிருந்தே. "இதுகளப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது."

"நீ போ புள்ள. எனக்கு இன்னம் ஒரு வேல கிடக்கு."

எலிசாவின் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் கரித்துண்டை எடுத்தாள். ஜவுபரின் சேர்ட்டுப் போட்ட வெருளிக்குக் கண் வரைந்து, மறந்த மூக்கு எப்படியோ விரலுக்கு வர அதையும் வரைந்து, அழுதழுது, சிரித்தால் ஒரு பக்கம் கோணும் அந்த வாயையும் வரைந்து முடித்தாள். அவனேதான்.

"இஞ்சாருங்க... உசிரோட இரிக்கிறீங்களா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

பின்னால் வைக்கோல் சரசரத்தது. காற்றே இல்லை. திரும்பினாள்.

எல்லா வெருளிகளும் நெருங்கி நின்றன. முகமில்லாத வெற்றுத் துணிகள். எல்லாம் அவளைப் பார்த்தபடி. சேர்ட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. அவற்றுக்கும் முகம் வேண்டும்.

"உங்கட முகம் எனக்குத் தெரியாதே!" என்று கெஞ்சினாள். "நான் உங்களக் கண்டதில்லியே!"

இன்னும் நெருங்கின.

கத்த வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. தடவிப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே துணி. இழுத்துத் தைத்த துணி.

முன்னால் நின்ற ஒரு வெருளி அவள் குரலில் அலறியது. அதன் வெள்ளைத் துணியில் அவளுடைய உதடுகள்.

ஜவுபர் பின்னாலிருந்து அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தான். ஈர வைக்கோல் கைகள். மற்றவை அவள் கண்களுக்காகக் குனிந்தன.