எழுதாத நன்றியுரை

"சார், என் தம்பியை அடிச்சே கொன்னுடுவாங்க!"

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரின் வீட்டு வாசலிலேயே கதறியவர் வரலாற்றுக் கழகத்தின் நூலகர். முந்தின மாலை அங்கே பேச வந்த நூலாசிரியர், கூட்டம் தொடங்கும் முன்பே மேடைக்குப் பின்னறையில் மண்டை பிளந்து கிடந்தார். காட்சிக்கு வைத்திருந்த பழைய பீரங்கிக் குண்டால் நான்கு அடி. சுவரெல்லாம் ரத்தம். மைக் கட்ட வந்த தம்பி சற்று முன்புதான் அவரோடு வாய்த்தகராறு செய்திருந்தான். போதாதா? போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"என்ன தலைப்புல பேச இருந்தாரு?" இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்.

"எங்க துணைத்தலைவர் கண்டெடுத்த செப்பேட்டைப் பத்தி."

இன்ஸ்பெக்டரின் அக்கா மகள், அவருடைய உதவியாளர், அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

கழகத்தில் மாமா ரத்தக்கறையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூட்ட உரைகளின் பழைய கோப்பை அவள் கையில் திணித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் புரட்டினாள். துணைத்தலைவரின் நன்றியுரைகள் மட்டும் பதினோரு வருடத்துக்கு, ஒன்று விடாமல் தட்டச்சில் இருந்தன. நாற்காலி போட்டவருக்கும் நன்றி, துடைத்தவருக்கும் நன்றி. இரங்கல் கூட்டத்தில்கூட மனிதர் விடவில்லை.

மாலையில் நிர்வாகிகள் மூவரையும் மாமா அரங்கில் உட்கார வைத்தார். நூலகர் கதவருகே நின்றார்.

"நேத்துக்குன்னு எழுதினதைக் குடுங்க."

தலைவர் நான்கு பக்க அறிமுகவுரையை நீட்டினார். செயலாளர் நெளிந்துகொண்டே அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். 'பலத்த கரவொலிக்கிடையே உரை நிறைவுற்றது' என்றிருந்தது.

"மத்தியானமே எழுதி முடிச்சிடுவேன் சார். பழக்கதோஷம்."

துணைத்தலைவர் வெறுங்கையை விரித்தார். "நன்றிதானே, வாயாலயே சொல்லிக்கலாம்னு…"

"இரங்கல் கூட்டத்துக்கே எழுதிட்டு வந்த ஆளா நீங்க?" அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"இவங்க ரெண்டு பேரும் கூட்டம் நடக்கும்னு நம்பினாங்க," என்றார் மாமா. "நடக்காதுன்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க கண்டெடுத்த செப்பேடு போலின்னு அவர் மேடையில சொல்லிடுவாருன்னு பயந்திருக்கீங்க, இல்லையா?"

துணைத்தலைவர் பாய்ந்து மாமாவின் குரல்வளையை நெரித்தார். மாமாவின் கண்கள் பிதுங்கின. அவள் மடக்கு நாற்காலியைத் தூக்கித் துணைத்தலைவரின் தோளில் ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. செயலாளர் மேலே விழுந்து அமுக்கினார்.

"முப்பது வருஷப் பேரு! அரை மணி நேரத்துல அழிக்க வந்தான்! மண்டை உடையிற வரைக்கும் அடிச்சேன்!" துணைத்தலைவர் தரையில் கிடந்தபடி ஊளையிட்டார்.

அவரைக் காவலரிடம் ஒப்படைத்த கையோடு நூலகரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். தம்பி சுவரைப் பிடித்தபடி வந்தான். உதடு கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டைக் காணோம்.

"அக்கா, நான்தான் கொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. அடி தாங்கல."

நூலகர் அவனைக் கட்டிக்கொண்டார். வலியில் அவன் அலறினான்.

மாமா இருபது வருடம் வேலை பார்த்த ஸ்டேஷன் அது. அவருக்கு வணக்கம் சொன்னவர்களில் ஒருவரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானும் இப்படி எழுதி வாங்கியிருக்கேம்மா," என்றார், அவளிடம் மட்டும்.