கயிற்றின் வால்பக்கம்

கண்மூடித் திறப்பதற்குள் கதவு திறந்துகொண்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய புத்திசாலி அவளேதான். பக்கத்து வீட்டு நர்சம்மா போன் பண்ணி வரவழைத்த பூட்டுக்காரன், சட்டைப் பையிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்தான்... பூட்டின் அருகே குனிந்தான்... அவ்வளவுதான்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள்.

"உங்க பூட்டு ரொம்ப நல்ல மாதிரிங்க. யாரு கேட்டாலும் திறந்துடும். மாத்திடுங்க."

"மாத்துனா, புதுப் பூட்டு உங்க கடையிலதான் வாங்கணும். இல்ல?"

"எங்க வேணா வாங்குங்க. ஆனா மாத்திடுங்க."

"இந்த மாதிரி எத்தனை வீட்டைத் திறந்திருக்கீங்க?"

"கூப்பிட்ட வீட்டை மட்டும்," என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணுக்குள் பார்த்துப் பார்த்து, எழுத்து தெரியாமலே தெரிகிற மாதிரி புளுகுகிற கண் எது என்று அவளுக்கு அத்துப்படி. இவன் கண்களையும் விடாமல் பார்த்தாள். இமை நுனியில் மழைத்துளி... உள்ளே தேன் நிறத்தில் ஓர் அமைதி... ஒரு குறையும் தட்டுப்படவில்லை. குறையே இல்லாத மனுஷன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கட்சி. அத்துடன், அவன் போன பிறகும் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்றும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பூட்டுக்காரன். கையில் கயிறு. கயிற்றைப் பிடித்தபடி தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக. நடுவில் அவள் அக்கா மகள், வாண்டு.

கயிறு அந்தத் தெருவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ரொட்டி ஆலையில் பெண்களுக்கு வேலை இருந்தது. ஆனால் ஷிப்ட் விடிந்ததும் தொடங்கிவிடும். பள்ளிக்கூடமோ அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்ற கேள்வியிலேயே வீட்டுக்கு வீடு வேலை நழுவிப் போனது. நர்சம்மாதான் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். நீளமான கயிறு ஒன்று வாங்கி, இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டார். ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடக்க, பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார். அம்மாக்கள் நிம்மதியாக ஷிப்டுக்குப் போனார்கள்.

அக்காவும் போனாள். அத்தான் இறந்தபின் சிரிப்பையே மறந்திருந்தவள், உடம்பெல்லாம் ரொட்டி வாசனையோடு வீடு திரும்பி, ஆலைக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தது அந்த வேலை கிடைத்த பிறகுதான்.

வழக்கமாகக் கயிறு பிடிக்கும் பஸ் டிரைவர் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்த இடத்துக்குத்தான் இவன். அன்று சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஆளுக்குக் குழந்தை குட்டி இருக்கா?"

"கல்யாணமே ஆகலையாம்."

"அப்ப எதுக்கு மத்தவங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அலையணும்? இந்தத் தெருவுக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. எந்தப் பூட்டையும் திறக்குற ஆளு வேற."

"நல்ல மனசுன்னு ஒண்ணு உலகத்துல இருக்குடி."

"இருக்கட்டும். நான் கொஞ்சம் கிட்டக்கப் போய்ப் பார்க்குறேன்."

"எதை? அவரு மனசையா, கண்ணையா?" என்றாள் அக்கா. அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கடைக்குத் தாமதமாகப் போனாள். முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தாள். கடையிலிருந்து எடுத்துவந்திருந்த சாம்பல் நிற மழைக்கோட்டை மாட்டி, பச்சைக் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, கயிற்றின் பின்னாலேயே போனாள். அவன் நின்றால் நின்றாள். திரும்பினால் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். லாரிகள் வளைந்து வரும் பெரிய ரோட்டுக்குப் போகாமல், அவன் தினமும் ஒரு சந்துக்குள் திரும்பினான். அவள் சந்து முனையை எட்டுவதற்குள் கயிறு மாயமாகிவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு நேர் வழி இருக்க, இந்தச் சந்து எதற்கு... பிள்ளைகள் எங்கே போய்விடுகிறார்கள்...

கடைசி நாள் அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சந்தின் கோடியில் ஷட்டர்கள் துருப்பிடித்த பழைய வணிக வளாகம். அவன் பாக்கெட்டிலிருந்து சாவி எடுத்தான். பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக இருட்டுக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவள் கதவை நோக்கி ஓடினாள்.

"கதவைத் திறங்க! பிள்ளைங்க உள்ள இருக்காங்க... யாராவது வாங்க!"

குடைக் கைப்பிடியால் தட்டிய தட்டலில் சந்தே கூடிவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், வேலைக்குக் கிளம்பியவர்கள், பிள்ளைகளின் அப்பா இரண்டொருவர்... எல்லோரும்.

கதவு திறந்தது. அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் பயந்து போயிருந்தாலும், ஒரு கைகூட முடிச்சை விட்டிருக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றான்.

"அதை நீங்க சொல்லுங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்கு இங்க என்ன வேலை?"

"இதுக்குப் பின்கதவு பள்ளிக்கூடத் தெருவுல இருக்குங்க. இப்படிப் போனா அந்த லாரித் திருப்பத்தைத் தாண்டவே வேண்டாம். மழைல கயித்தோட அங்க நின்னுருக்கீங்களா? கட்டடக்காரர்கிட்ட கேட்டு, துருப்பிடிச்ச பூட்டைச் சரி பண்ணேன். நர்சம்மாவுக்குத் தெரியும்."

அவள் கொஞ்சம் தடுமாறினாள். ஆனாலும் விடுவதாக இல்லை. "சரி... அப்ப உள்ள எதுக்குத் தாழ்ப்பாள் போட்டீங்க?"

அவன் அவளையும் மழைக்கோட்டையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒரு பச்சைக் குடை இந்த வாரம் முழுக்க எங்க பின்னாடியே வருது. நாங்க நின்னா நிக்குது, நடந்தா நடக்குது. மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குது. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் வேற என்னங்க பண்ணுவேன்?"

கூட்டம் மொத்தமும் குடையைத் திரும்பிப் பார்த்தது. அவள் அவசர அவசரமாக மடக்கப் பார்த்தாள். பாழாய்ப்போன குடை மடங்கவில்லை.

"சித்திதான் அது," என்றது வாண்டு. "எனக்கு முதல் நாளே தெரியும். ஒளிஞ்சு விளையாடுறாங்கன்னு நெனச்சேன். சொன்னா ஆட்டம் கெட்டுடும்ல?"

யாரோ சிரித்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சத்தம் கேட்டு வந்த கட்டடக்காரர், "நல்லது பண்ணப் போய் எனக்கு எதுக்குப்பா வம்பு," என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உள்ள கூட்டிட்டுப் போறது எங்களுக்கே தெரியாதே," என்று ஓர் அப்பா முணுமுணுக்க, இன்னொருவர் தன் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய்விட்டார். பூட்டுக்காரன் கயிற்றின் நுனியை அவள் கையில் வைத்தான்.

"மிச்ச தூரம் நீங்களே கூட்டிட்டுப் போங்க."

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கயிறு நர்சம்மா வீட்டு ஆணியில் தொங்கியது. "எல்லாருக்கும் மனசு தெளியுற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்," என்றுவிட்டார். அக்கா ஆலைச் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். தங்கையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கயிற்றை அந்த ஆணியிலிருந்து அவளே இறக்கியாக வேண்டும். முதலில் தன் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, காலை நேரத்தை விட்டுக்கொடுக்கச் செய்து, அதற்குப் பதிலாகச் சாயங்காலம் கூடுதலாக நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு கட்டடக்காரரிடம் போனாள்.

"ஒத்த ஆளா போனா நாலு பேச்சு வரும்மா," என்றார் அவர். "முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்னு போங்க, யாரு என்ன சொல்ல முடியும்? அந்தத் தம்பி ஒத்துக்கிட்டா சாவியை இப்பவே தர்றேன்."

அந்தத் தம்பி... அவனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது.

போனாள். சாவிகள் சரம் சரமாகத் தொங்கும் குறுகலான கடை. அவனைப் பார்த்ததும், வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது.

"பூட்டு... மாத்தணும்," என்றாள்.

"அதைத்தான் முதல் நாளே சொன்னேன்," என்றபடி அவன் சாவி ஒன்றை மூக்குவரை கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அரத்தால் ராவினான்.

"ஏன் கண்ணைச் சுருக்குறீங்க?"

"பொடி வேலைன்னா அப்படித்தாங்க."

"கிடையாது. கடைக்கு வாங்க, பார்த்துடலாம்."

"என் மேல இன்னும் சந்தேகம் தீரலையா?"

"உங்க கண்ணு மேலதான்."

சாயங்காலம் வந்தான். பரிசோதனை அறையில் விளக்கை அணைத்தாள். எதிர்ச்சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக. அவன் மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள்.

"கடைசி வரி தெரியுதா?"

"மங்கலா..."

"இப்ப?"

"பரவாயில்ல."

அப்பாடா, ஒரு குறை இருக்கிறது என்று அவள் மனசு துள்ளியது. இருட்டு தைரியம் கொடுத்தது.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

சுவர் ஓரமாக ஏதோ மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"எனக்குப் புத்தி அப்படி. அத்தான் போனதுக்கு அப்புறம் அக்காவுக்கும் குட்டிக்கும் காவல் நான்தான்னு... யாரைப் பார்த்தாலும் முதல்ல சந்தேகம்தான் வருது. உங்களை நாலு பேர் முன்னாடி..."

"கோபம் இருந்துச்சு," என்றான் அவன் மெல்ல. "அன்னைக்கு மட்டும். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறான். ஒரு ஆளாவது பின்னாடி வரணுமா இல்லையா? அத்தனை வீட்டுல நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. அதுவும் மழைல."

அவள் கையிலிருந்த வில்லையைத் துணியால் துடைத்தாள்.

"நானும் ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லியிருக்கணும். நர்சம்மாகிட்ட சொன்னா போதும்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

"அப்ப கோபம் போனதும் ஏன் வரல?"

"நீங்க கூப்பிடுறீங்களான்னு பார்த்தேன்... சரி, இப்ப கூப்பிடுறீங்களா?"

"கூப்பிடுறேன். நீங்க முன்னாடி, நான் பின்னாடி."

"மறுபடியும் பின்னாடியேவா?" என்று சிரித்தான். இம்முறை அவளும் சிரித்துவிட்டாள். நல்லவேளை, இருட்டு.

இருவருமாக ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெற்றவர்களை வளாகத்துக்கே அழைத்துப்போய், இந்தக் கதவு, அந்தக் கதவு என்று காட்டினார்கள். முணுமுணுத்த அப்பா இரண்டு தாழ்ப்பாளையும் தன் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே தலையாட்டினார். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. போகிற வழியில் அவள் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு ஏறியது. அக்கா சீருடையை வெளியே எடுத்தாள். ஆலை மேஸ்திரி, "வரலைன்னு சொன்னா விட்டுடுவோமா, வாம்மா," என்றாராம்.

திங்கட்கிழமை காலை மழை. வளாகத்துக்குள் கயிறு நுழைந்தது. தகரக் கூரையில் மழை கொட்ட, பிள்ளைகள் வேண்டுமென்றே கத்தி எதிரொலி கேட்டார்கள். முன்னால் புதுக் கண்ணாடி போட்ட பூட்டுக்காரன். வால்பக்கம் அவள்.

அவள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்து, முன்னால் நடந்த பிள்ளையின் கையில் வைத்தாள்.

"இதை அப்படியே முன்னாடி குடுங்க."

புதுப் பூட்டின் சாவி, கை மாறிக் கை மாறி, வாண்டு கையில் ஒரு நிமிஷம் தயங்கி, முன்னால் போய்ச் சேர்ந்தது. பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"சித்தி, இது எதுக்குன்னு கேக்குறாரு. அவருக்குத்தான் சாவி இல்லாமலே திறக்கத் தெரியுமாம்."

"தெரியும்னு சொல்லு. அதனாலதான் குடுக்குறேன்னு சொல்லு."

செய்தி போனது. கயிறு நின்றுவிட்டது. அவன் திரும்பி நின்று, அத்தனை சின்னத் தலைகளுக்கும் மேலாக அவளைப் பார்த்தான். இனிமேல் பிள்ளைகள் வழியாகப் பேச அவளுக்குப் பொறுமை இல்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் அவனைப் பார்த்தே. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கம்பி எல்லாம் வேண்டாம்... சாவி போட்டுத் திறந்துக்கிட்டு, நேரா உள்ள வாங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மழை கூரைக்கு வெளியேதான் பெய்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேட்கணும்," என்றாள் அவள், பழக்கதோஷம் விடாமல். "ஞாயித்துக்கிழமை பூட்டு மாட்டுனப்பவே எங்க வீட்டுக்கு ஒரு சாவி எக்ஸ்ட்ராவா வெட்டி வச்சுக்கலையே?"

"இல்லைங்க," என்றான் அவன். "நீங்க குடுப்பீங்கன்னு காத்திருந்தேன்."

அந்தக் கண்களை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பொய் இல்லை. மணி அடிக்கப் போகிறது என்று வாண்டு கயிற்றை இழுத்தது. எல்லோரும் நடந்தார்கள்.