கொட்டகைப் பூட்டு

“எங்கப்பா ஓட்டிவுட்ட மாட்ட நானே தொடக் கூடாதுங்களா அத்தை? அப்படி என்ன பாவம் பண்ணிப்போட்டேன்?”

விடிகாலைப் பனியில் மருமகள் ஸ்ரீமதி மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று கேட்டாள். மாமியார் வேலாமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரமாக இதே வழக்குத்தான். தேவர்சோலையில் அந்த வீட்டுக்கு நான்கு மாடுகள். இரண்டு ஸ்ரீமதி பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. நான்கும் ஒன்றாகப் பருவத்துக்கு வந்து ஒரே நாளில் சினை ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று கால்நடை டாக்டர் கெஸியா ஹார்மோன் ஊசி தொடங்கியிருந்தாள். முதல் ஊசியன்றே வேலாமணி கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். இன்று இரண்டாவது ஊசி.

“ஊட்டுக்கு வந்த புள்ளைய இப்படியா நடத்துவாங்க?” என்று கேட்ட மகன் யுவனும் இப்போது அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை ஸ்ரீமதிதான். அதுவும் போய், டீயைக் கொட்டகைக்கே எடுத்து வந்து மாடுகளோடு தனியாகக் குடித்தாள்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். எப்படிச் சொல்வாள்? தாளிக்கும் வாசனைக்கு ஸ்ரீமதி மூக்கைப் பொத்துவதைப் பார்த்தவள் அவள். முன்பு இரண்டு முறை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று அழுதது போதாதா? இந்த முறை புருஷனிடம்கூட மூச்சு விடாமல் மூன்று மாதம் முடியக் காத்திருக்கிறாள் அந்தப் பெண். அவள் மூடி வைத்ததைத் திறக்க வேலாமணிக்கு மனம் வரவில்லை.

டாக்டர் வந்து மூன்று மாடுகளுக்கு ஊசி போட்டு முடித்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீமதி வந்து நின்றாள்.

“உள்ள வராதீங்க,” என்றாள் கெஸியா. “இந்த மருந்து மேல பட்டா வயித்துல இருக்கறது கலைஞ்சே போயிரலாம். ‘மருமக முழுகாம இருக்கா, கொட்டகைக்கு வரலாமா’ன்னு அத்தை மொத நாளே கேட்டாங்களே. இந்த ரெண்டாவது ஊசியன்னைக்கு மட்டும் தள்ளி இருந்தாப் போதும்னு சொன்னேன். உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

“எதுக்கு வம்புன்னு எல்லா நாளும் பூட்டிட்டேனுங்க,” என்றாள் வேலாமணி மெல்ல.

ஸ்ரீமதியின் கை வயிற்றுக்குப் போனது. “உங்களுக்குத்... தெரியுமுங்களா அத்தை?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன் கண்ணு...”

ஸ்ரீமதி அழுதுகொண்டே ஓடி வந்தாள். அணைக்க நீண்ட கைகளை வேலாமணி சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாடு உதறியதில் மருந்து முழங்கை வரை தெறித்திருந்தது.

“எட்ட நில்லு சாமி. கை கழுவோணும்.”

வெளியே குழாயடியில், விரல் மரத்துப்போகும் தண்ணீரில், சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தாள். நாலடி தள்ளித் துண்டைப் பிடித்தபடி ஸ்ரீமதி தேம்பிக்கொண்டே நின்றாள்.

“போதுமுங்க அத்தை... வாங்க.”

“இரு கண்ணு, இன்னொருக்கா,” என்று கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, வேலாமணி மறுபடியும் சோப்பை எடுத்தாள்.