திரும்ப மேலே போகும் தண்ணீர்

பம்பை நிறுத்திய பிறகும் நீரூற்றில் ஒரு சாண் தண்ணீர் நின்றது.

சிவநேசன் குசினியின் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தார். கையில் தேத்தண்ணி. வெளியே வட்டக் குளத்தின் நடுவில் ஒரு கல்மீன் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறது. கோடை முழுக்க அந்த வாயிலிருந்து தென்னை உயரத்துக்குத் தண்ணீர் பீறிடும், விருந்தாளிகள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். காலையில் குழாய் வேலைக்காரன் கீர்த்தனன் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஆனால் அந்த ஒரு சாண் மட்டும் விழாமலும் சிதறாமலும் மெழுகுதிரி போல மீனின் வாயில் நின்றது. குழாயில் மிச்சம் கிடந்தது வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி சரியாக இல்லை. ஏப்ரலிலிருந்து அவர் போடும் தேத்தண்ணி எதுவுமே சரியாக வந்ததில்லை.

லுசேர்ண் ஏரிக்கரையில், மலைச்சரிவில் இருக்கிறது அந்த ஹோட்டல். ஒரு காலத்தில் மாளிகை. இங்கிலாந்தில் தன் பரம்பரை வீட்டுத் தோட்டத்தில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் இங்கேயும் வேண்டும் என்று ஓர் ஆங்கிலேயச் சீமான் ஒற்றைக்காலில் நின்று கட்டிய தோட்டம் அது. சரிவு நெடுகக் கல்படிகள், படிப்படியாக இறங்கிவரும் தண்ணீர், கீழே குளம், நடுவில் நீரூற்று. "மலையிலிருந்து வந்து ஏரியில் சேரும் தண்ணீர்" என்று முதலாளி விருந்தாளிகளிடம் பெருமையடிக்காத நாளில்லை. சிவநேசன் குசினியில் சமையலிலும் அவர் மனைவி கஜலக்சுமி அறை துப்புரவிலும் வருடக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவர்கள். பிள்ளைகள் இல்லை. இந்தக் குளிர்காலம் பூட்டிய ஹோட்டலில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். தனி ஆளுக்கு எங்கே கிடந்தால் என்ன என்று மற்றவர்களிடம் சொன்னார். உண்மையில் அவருக்கு அந்தக் குளத்தை விட்டுப் போக மனமில்லை.

கஜலக்சுமிக்கு இந்த நாட்டுக் குளிர் கடைசிவரை பிடிபடவில்லை. வேலை முடிந்து குசினிக்கு வந்தால் தடித்த ஜக்கெற்றைக் கழற்றாமலே தன் கதிரையில் உட்கார்ந்து, ஹீற்றரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருப்பாள். அவர் வெளியிலிருந்து நுழைந்தால் முகத்தைப் பார்க்க முன்னமே, "கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது" என்பாள். ஏப்ரலில், ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்.

"இஞ்சாருங்கோ, செத்தாலும் என்னை இந்தக் குளிருக்குள்ள விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

அவர் ஓம் என்றார்.

சாம்பலை ஓடுகிற தண்ணீரில் கரையுங்கோ என்று திரிம்பாக் ஊர்க் கோயில் ஐயர் சொல்லியிருந்தார். லுசேர்ணில் ஆற்றங்கரைக்குப் போகச் சொந்தக்காரர்கள் கார் எல்லாம் ஒழுங்கு செய்தார்கள். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கைவிட அவரால் முடியவில்லை. அதற்கு முதல்நாள் விடியவே சாம்பலைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தக் கல்படியில் இறங்கும் தண்ணீரில் கரைத்தார். இதுவும் ஓடுகிற தண்ணீர்தானே. ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. குளிரைத் தாண்டிப் போய்விடுவாள். போகிற வழியை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அந்த நினைப்பில் கோடை முழுக்கக் குளத்தின் விளிம்பில் இருந்து சாப்பிட்டு, அன்றன்றைய கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை கீர்த்தனன் சிரித்தான்.

"ஏரிக்குப் போகுதெண்டு ஆர் அண்ணை சொன்னது? அது அந்தக் காலம். இப்ப கீழ தொட்டிக்கு வந்து, பம்பில ஏறித் திரும்ப மேல போகும். ஒரே தண்ணிதான் சுத்திக்கொண்டிருக்கு."

"அப்ப அதில கரைஞ்சது?"

"உள்ளுக்கதான் கிடக்கும். நாளைக்கு வந்து வால்வைத் திறந்து ஏரிக்கு விடுறன். விடாட்டி உறைஞ்சு போகும். என்ன கரைஞ்சது?"

"ஒண்டுமில்லை தம்பி."

அவள் ஏரிக்குப் போகவேயில்லை. மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி ஏறி. ஒரு கோடை முழுக்க. அவர் பக்கத்தில் இருந்து சோறு தின்றிருக்கிறார்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

கதவைத் திறந்தார். ஏரியிலிருந்து ஏறிய பனிமூட்டம் கீழ்ப் புல்வெளியை விழுங்கிவிட்டிருந்தது. படகுச் சத்தமில்லை, காகமில்லை. விழுகிற தண்ணீருக்கு இருக்கவேண்டிய சத்தமும் இல்லை. ஈரக்கல்லின் வாடைக்கும் அழுகிய இலை நாற்றத்துக்கும் நடுவே, வேறொன்று மெல்லியதாக வந்தது. கோடாலித் தைலம். தடிமன் பிடித்தால் அவள் நெஞ்சில் பூசுவது. சிவநேசன் கீர்த்தனனுக்கு போன் எடுத்தார்.

"தம்பி, பம்பு நிக்கேல்லை போல."

"கரண்ட் வயரையே பிடுங்கி விட்டிருக்கிறன் அண்ணை. சொட்டும் வராது. நீங்கள் அங்க தனிய இருந்து இருந்துதான்... ஒருக்கா எங்கட வீட்டுப் பக்கம் வந்திட்டுப் போங்கோவன்."

"ஓம், பாப்பம்" என்று வைத்தார். நிமிர்ந்தபோது அது இடுப்பளவு இருந்தது. வளர்வதை அவர் பார்க்கவில்லை. பார்க்காத நேரத்தில்தான் வளர்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணை எடுக்காமல் நின்றார். பனிமூட்டத்துக்குள் அந்தத் தண்ணீர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. கடைசியாகக் கேட்ட ஒன்றே ஒன்று. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. நாளைவரை ஏன் பொறுக்கவேண்டும்? இரவு உறைபனி விழும். வால்வுதானே, இப்போதே திறந்து அவளை அனுப்பிவிடலாம்.

பம்பு அறை கல்படிகளுக்கு அடியில் இருந்தது. குனிந்து நுழைந்தார். போன் வெளிச்சத்தில் பாசி பிடித்த சுவர், பிடுங்கிப் போட்ட வயர், துருப்பிடித்த சக்கரம். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். முதலில் அசையவில்லை. பிறகு இருமியது. பிறகு, காலுக்குக் கீழே எங்கேயோ, தண்ணீர் சரிந்து ஓடத் தொடங்கியது. ஏரிப் பக்கமாக. குளம் முழுவதும் வடியும்வரை அவர் இருட்டில் குந்திக்கொண்டு கேட்டார். கண்ணீர் தன்பாட்டில் வந்தது. கடைசிக் கொடகொடப்பும் அடங்கியபோது, வழியனுப்பும்போது எப்போதும் வாயில் வருவது வந்தது.

"போயிட்டு வா, கஜா."

சொன்ன பிறகுதான் உடம்பு சில்லிட்டது. செத்தவீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போகிறவரைத் திரும்பி வா என்று கூப்பிடக்கூடாது.

நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். கிட்டத்தட்ட இருண்டிருந்தது. குளம் காலி. கல்மீனின் வாயில் எதுவும் இல்லை. ஒரு சாணும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

பிறகு விளிம்பைப் பார்த்தார்.

ஒரு இடத்தில் மட்டும் ஈரம் வழிந்திருந்தது. உள்ளேயிருந்து வெளியே. அங்கிருந்து சரளைக்கல் பாதையில் ஒரு ஈரக்கோடு. நேராக. அவர் சாத்தாமல் வந்த குசினிக் கதவுக்கு.

சுற்றிலும் பனிமூட்டம். பாதை தெரியவில்லை. தெரிந்த ஒரே வெளிச்சம் அந்தக் கதவு.

நடந்தார். சரளை நொறுங்கியது. வாசலில் நின்றார்.

தைல வாடை.

கதவோரக் கொழுக்கியைப் பார்த்தார். ஏப்ரலிலிருந்து அதில் தொங்கிய அவளுடைய ஜக்கெற் இல்லை.

அது ஹீற்றர் அருகே, அவளுடைய கதிரையில் இருந்தது. ஜிப் கழுத்துவரை இழுத்திருந்தது. அதன் இரண்டு கைகளும் நிறைந்து, ஹீற்றரின் மேல் கிடந்தன. முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய தண்ணீர் நிலத்தில் நிற்கவில்லை. கதிரைக் காலில் ஏறி, திரும்ப மேலே போனது.

அவர் ஓரடி உள்ளே வைத்தார்.

ஒரு கை மெல்ல எழுந்தது. அவரைத் தாண்டி நீண்டது. அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவை நோக்கி.

இத்தனை வருடப் பழக்கம். சிவநேசனின் கை தானாகப் பின்னால் போனது. கதவைச் சாத்தியது. உள்ளிருந்து.

கை இறங்கியது. எதிரே கிடந்த அவருடைய கதிரையைப் பிடித்து, அவருக்காக இழுத்து வைத்தது.

ஜக்கெற்றின் கழுத்துக்கு மேலே தண்ணீர் நின்றது. ஒரு தலையின் அளவு. அதற்குள் சாம்பல் மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது.