மேல் வரியா, கீழ் வரியா?

பழைய ஹார்டு டிஸ்க் காலையிலிருந்து ‘டக், டக்’ என்று முனகிக்கொண்டிருந்தது. சுண்டு அதன் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அவளுடைய அக்காவுக்குக் கண் தெரியாது. பாடப் புத்தகம் முழுவதையும் அம்மா வாசித்து, அந்த டிஸ்க்கில்தான் பதிந்து வைத்திருந்தார். அடுத்த வாரம் பரீட்சை. வேறு பிரதி கிடையாது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மாமா, அச்சு அசல் அதே மாதிரி ஒரு புது டிஸ்க்கோடு வந்தார். இரண்டையும் கம்ப்யூட்டரில் செருகினார்.

“இனிமே ரெண்டும் ஜோடி. ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு மண்டையைப் போட்டாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்” என்றார்.

“தப்பா போயிட்டா?” என்று கேட்டாள் சுண்டு.

“பழசுலேர்ந்து புதுசுக்குப் போகணும். மாத்திச் சொல்லிட்டா பழசும் காலியாயிடும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே அளவு. எதிலிருந்து நகல் எடுக்க வேண்டும் என்று கீழே ஒரு கேள்வி.

“மேல இருக்கறதுதான் பழசு” என்று மாமா விரலைக் கொண்டுபோனார்.

“எப்படித் தெரியும் மாமா?”

“முதல்ல மாட்டினது முதல்ல வரும். எத்தனை பார்த்திருக்கேன்.”

“இந்தத் தடவை அப்படி வரலேன்னா?”

“சும்மா இரு. நீ கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வருது.”

சுண்டு சும்மா இருக்கவில்லை. “புதுசைக் கழட்டிப் பாருங்க மாமா. அதுலதான் ஒண்ணுமே இல்லையே. எந்த வரி காணாமப் போகுதோ, அதுதான் புதுசு.”

மாமா முணுமுணுத்துக்கொண்டே புது டிஸ்க்கின் வயரை உருவினார்.

மேல் வரி மறைந்தது.

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை, நீ நான் சொன்னதைக் கேக்கல” என்றார்.

வயரைத் திரும்பச் செருகியதும் அந்த வரி மறுபடி மேலேயே வந்து உட்கார்ந்தது. மாமா கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தார். நகல் ஏறத் தொடங்கியது. சுண்டு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மாலையில் வேலை முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை ஓடவிட்டார் மாமா. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“மழை எப்படிப் பெய்கிறது?” என்று அம்மாவின் குரல் கேட்டது. “கடல் நீர் வெயிலில் ஆவியாகி... ஏய் சுண்டு, கதவைச் சாத்துடி, வாசிச்சிட்டிருக்கேன்ல? ... மேலே செல்கிறது.”

அக்கா மேசையைத் தடவிச் சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திட்டுகூட விட்டுப்போகலடி” என்று சிரித்தாள்.