மூன்றாம் தேதியின் ஐந்தாவது பாட்டு

"எம் புருஷன் போரைக் கொளுத்தலீங்க பாய். அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். ஆனா காய்ச்சல் வந்து சாட்சி சொல்லுமா?"

மாயவரத்தில், ஓய்வுபெற்ற சி.ஐ.டி. சப் இன்ஸ்பெக்டர் ஜெக்கரியாவின் வீட்டு வாசலில் நின்று அம்சம் இப்படித்தான் தொடங்கினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளுக்குக் குத்தாலத்துப் பக்கத்துக் கிராமம். அவள் கணவன் சாமிதுரை, பண்ணையாரின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன். புதிய சட்டம் வந்ததும் தாலுகா ஆபீசில் குத்தகைதாரன் என்று பெயரைப் பதிந்துகொண்டான். அன்றிலிருந்து பண்ணையாருக்கு அவன் கண்ணில் விழுந்த தூசி.

புதன்கிழமை, அக்டோபர் மூன்றாம் தேதி, மாலை ஆறரை மணிக்குப் பண்ணையாரின் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. சாமிதுரை தீப்பந்தத்தோடு ஓடியதைப் பார்த்ததாகக் காரியஸ்தர் அமிர்தலிங்கம் சாட்சி சொன்னார். சாமிதுரை சப் ஜெயிலில் இருக்கிறான்.

"குத்தகையை விட்டுக் குடுத்துட்டதா எழுதிக் குடு, கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லி அனுப்புறாருங்க. அந்த நிலத்தை விட்டா எங்களுக்கு வேற ஒண்ணுமில்ல."

"எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதம்மா. ரெண்டு நாள் பொறு" என்றார் ஜெக்கரியா.

இப்படி வரும் வழக்குகளில் ஜெக்கரியாவுக்குத் துணையாக அலையும் வீரையனும் பக்கத்தில் நின்றான்; அவனுக்கு அப்போதே கால் பரபரத்தது. வக்கீல் குமாஸ்தா வேலை அவனுக்குச் சோறு போட்டது. துப்பறிவதும் சினிமாப் பாட்டும்தான் உயிர். எந்தப் பாட்டு எந்த வருஷம் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

அன்றே இருவரும் குத்தாலம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் பழைய பழக்கத்துக்காக நாற்காலி போட்டார்.

"கேஸ் தெளிவா இருக்கு பாய். அமிர்தலிங்கம் அன்னிக்குச் சாயங்காலம் பக்கீர் முகம்மது டீக்கடையில உக்காந்து ரேடியோ கேட்டிருக்காரு. கொழும்பு ரேடியோவுல 'இதே நாளில்' முடியுற வரைக்கும் இருந்துட்டு, சைக்கிள்ல திரும்பும்போதுதான் சாமிதுரையைப் பார்த்திருக்காரு. என்ன கேட்டாருன்னு வரிசையா ஒப்பிக்கிறாரு. நானும் அதை வீட்ல அரைகுறையாக் கேட்டேன். சரியா இருக்கு."

'இதே நாளில்' அப்போது தஞ்சைச் சீமை முழுவதும் கேட்ட நிகழ்ச்சி. தினமும் மாலை ஆறு மணிக்கு இருபது நிமிஷம், முந்தைய வருஷங்களில் அதே தேதியில் பாட்டுலகில் நடந்ததைச் சொல்லி, அந்தந்தப் பாட்டையும் போடுவார்கள்.

"என்னென்ன ஒப்பிச்சாருங்க?" என்றான் வீரையன் ஆவலாக.

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினார். நாடக மேடைப் பாடகர் ஒருவர் முதல் இசைத்தட்டுக்குப் பாடப் பட்டணம் போன நாள். ஸ்டுடியோவில் இடமில்லாமல் மாந்தோப்பில் திரைபோட்டு ஒரு பாட்டைப் பதிந்த நாள். காக்கை விரட்ட மட்டும் நான்கு ஆள் நின்றார்களாம். போலீஸ் பாண்டுக்காரர் ஒருவர் முதன்முதலாகச் சினிமாப் பாட்டுக்குக் கிளாரினெட் வாசித்த நாள். கடைசியாக, வானொலி ஒரு மாதம் தடை செய்து வைத்திருந்த சிரிப்புப் பாட்டை மறுபடி ஒலிபரப்பிய நாள்.

"சிரிப்புப் பாட்டோட முடிஞ்சுது, எந்திரிச்சேன்னு சொன்னாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்ததும் ஜெக்கரியா கேட்டார். "நீயும் அன்னிக்குக் கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா சார்? நாலும் சரிதான். அஞ்சாவதை மட்டும் விட்டுட்டாரு. மறந்திருப்பாரு."

"அஞ்சாவது என்ன?"

"ஆடுதுறை செண்பகவல்லியம்மா செத்த நாள் சார். போன வருஷம் அக்டோபர் மூணு ராத்திரிதானே போனாங்க. முதல் வருஷ நினைவுன்னு அவங்க பாட்டைப் போட்டு முடிச்சாங்க. கேட்டுக்கிட்டே எங்கம்மா அழுதாங்க."

ஜெக்கரியா ஐந்தாவது விரலையும் மடக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சனிக்கிழமை களத்தைப் பார்த்தார்கள். போர் இருந்த இடத்தில் கருஞ்சாம்பல் வட்டம். அதை ஒட்டி ஐந்து முளைக்குச்சிகள். மாடு கட்டுகிற இடம். குச்சிகளின் தலை கரிந்திருந்தது. களத்து வேலைக்காரியிடம் ஜெக்கரியா மாடுகளுக்குக் காயம் உண்டா என்று கேட்டார்.

"காரியஸ்தரு அன்னிக்கு மத்தியானமே குளத்தங்கரையில கட்டச் சொல்லிட்டாருங்க. ஆண்டவன் புண்ணியம், தப்பிச்சுதுங்க" என்றாள்.

ஆண்டவனுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று ஜெக்கரியா விசாரிக்கவில்லை.

பிற்பகல் பக்கீர் முகம்மதுவின் கடைக்குப் போனார்கள். வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே இரண்டு வண்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீரையனுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு ஜெக்கரியா சும்மா உட்கார்ந்தார், எச்சில்கூட விழுங்கவில்லை. அலமாரியில் ரேடியோவுக்கு வெள்ளைத் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அதன் தலையில் பிஸ்கட் டப்பா.

"ரேடியோ ரிப்பேருங்களா?" என்றான் வீரையன்.

"ரிப்பேர் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் பக்கீர் முகம்மது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தக் கடை உங்க சொந்தக் கட்டடமா?" என்று ஜெக்கரியா மெதுவாகக் கேட்டார்.

"பண்ணையாரோடதுங்க."

தெருவுக்கு வந்ததும் ஜெக்கரியாவின் முகம் தெளிந்துவிட்டது. "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு எல்லாரும் ஸ்டேஷனுக்கு வரணும்னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லு. பண்ணையார், காரியஸ்தர், டீக்கடைக்காரர், எல்லாரும்."

"சார், அந்தம்மாகிட்ட இப்பவே போய் ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

"நாளைக்கு முழுசாவே கேக்கட்டுமே. நோன்பு திறக்க நேரமாச்சு."

முப்பது வருஷம் அதிகாரிகள் முன்னால் கைகட்டி நின்றவருக்கு, எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து வரிசையாக விளக்குவதில் ஓர் ஆசை. மனுஷனுக்குப் பொடி, புகையிலை கிடையாது. இது ஒன்றுதான் பழக்கம்.

ஞாயிறு காலை எல்லோரும் வந்தார்கள். பண்ணையார் கட்சிக் கரை வேட்டியில் இருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்புவரை கதர். ஆட்சி மாறினால் என்ன, வேட்டிதானே. அமிர்தலிங்கம் அவர் பின்னால் நின்றார். பக்கீர் முகம்மது சுவரோரம். அம்சம் கடைசியாக வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"அமிர்தலிங்கம் சொன்ன நாலும் சரி" என்று ஆரம்பித்தார் ஜெக்கரியா. "அந்த நிகழ்ச்சி தேதியை வச்சு நடக்குறது. போன வருஷம் மூணாம் தேதி சொன்னதையேதான் இந்த வருஷமும் சொல்லுவாங்க. ஆனா இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேர்ந்துடுச்சு. செண்பகவல்லியம்மா சாவு. போன வருஷம் நிகழ்ச்சி முடிஞ்சு, ராத்திரிதான் அவங்க போனாங்க. அதனால அப்ப சிரிப்புப் பாட்டோட முடிஞ்சுது. இந்த வருஷம் அவங்க பாட்டோட முடிஞ்சுது. ஆடுதுறை பொம்பளை, நம்ம ஊர்க் குரல். எந்திரிச்சுப் போகும்போது காதுல விழுந்த கடைசிப் பாட்டை ஒருத்தர் மறப்பாரா? நீங்க ஒப்பிச்சது போன வருஷத்துக் கதைங்க."

"ஞாபகப் பிசகா இருக்கும்" என்றார் அமிர்தலிங்கம். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும். அன்னிக்கு அந்த ரேடியோ பாடவே இல்லை. இது ரம்ஜான் மாசம். நோன்பு மாசத்துல பக்கீர் முகம்மது டீ விப்பாரு, படுதா போட்டு. சினிமாப் பாட்டு வைக்க மாட்டாரு. பெட்டியைத் துணியில கட்டிடுவாரு. உங்களுக்குப் புரட்டாசின்னா வருஷா வருஷம் ஒரே புரட்டாசி. எங்க நோன்பு பிறையைப் பார்த்து முன்னால நகர்ந்துக்கிட்டே வரும். போன வருஷம் மூணாம் தேதி நோன்பு தொடங்கலை, பெட்டி பாடுச்சு. அன்னிக்கு உக்காந்து கேட்டதை இப்ப எடுத்து வச்சிட்டீங்க."

இன்ஸ்பெக்டர் பக்கீர் முகம்மதுவை முறைத்தார். "எங்கிட்ட ஏன்யா சொல்லலை?"

"அமிர்தலிங்கம் கடைக்கு வந்தாரான்னு கேட்டீங்க. கட்டடம் அவங்களோடது. வந்தாருன்னேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ரேடியோ பாடுச்சான்னு யாரும் கேக்கலைங்க."

"அப்ப அந்த நேரத்துல அமிர்தலிங்கம் எங்க இருந்தாரு?" என்றார் ஜெக்கரியா. "போருக்குப் பக்கத்துல கட்டுற மாடுங்களை அன்னிக்கு மத்தியானமே குளத்தங்கரைக்கு மாத்தச் சொன்னவரு அவருதான். தீ வரும்னு மத்தியானமே தெரிஞ்சவரு, தீ வச்சவரு இல்லாம வேற யாரு?"

வீரையன் பெருமையோடு எல்லோரையும் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பண்ணையார் நிதானமாகத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லா இருந்துச்சு பாய். ஆனா கேஸ் எங்க இருக்கு? காலையிலேயே வாபஸ் எழுதிக் குடுத்துட்டேனே. சாமிதுரையும் நம்ம ஆளுதான். குத்தகையை மனசொப்பி விட்டுக் குடுத்துட்டான். சப் ஜெயில்லயே கைரேகை வச்சான்."

ஜெக்கரியாவைப் பார்த்து அவரே மேலும் சொன்னார்.

"நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்துச்சு பாருங்க, அப்பவே எனக்கு விளங்கிடுச்சு. இனி தாமதிக்கக் கூடாதுன்னு."

ஜெக்கரியா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். "அவரு வைக்கோலை அவரு ஆள் கொளுத்தியிருக்கான். நான் என்ன பாய் பண்றது? மேலேருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

பண்ணையாரின் கார் கிளம்பிப் போயிற்று. ஜெக்கரியா படிக்கு வந்தார். அம்சம் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மிரட்டி வாங்கினதுன்னு வழக்குப் போடலாம்மா. நான் சாட்சி சொல்றேன்."

"அது முடியறதுக்குள்ள எத்தனை போகம் போகும் பாய்? நீங்க ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னீங்க. பொறுத்தேன். விடிகாலையில பண்ணையாரு ஆளுங்க வந்து, நாளைக்குத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோயிடுவாங்க, காய்ச்சலோட திரும்ப மாட்டான்னு சொன்னாங்க. நான்தான் அவரை ரேகை வைக்கச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப உள்ள சொன்னதெல்லாம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜெக்கரியாவுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. நோன்பு நாள். "நேத்துச் சாயங்காலம்" என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, புருஷனைக் கூட்டிவரச் சப் ஜெயில் பக்கம் இறங்கி நடந்தாள். நாலடி போனவள் திரும்பினாள்.

"அந்த ரேடியோவுல வருஷா வருஷம் தேதி தவறாம சொல்லுவாங்கன்னீங்களே. இன்னிக்குத் தேதிக்கு எங்க நிலம் போனதை அடுத்த வருஷம் யாரு பாய் சொல்லுவாங்க?"